இங்கிட்டுக் கெடக்கட்டும்

பொன்னமராவதியில் என் எதிர்வீட்டு அக்கா, கணவரை இழந்த மூத்த மருமகள். மெலிந்த உடம்பு, கதவை எப்போதும் இடுப்பால் இடித்துத்தான் சாத்துவார். பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வரும் கொழுந்தன்மார், அங்கே வேண்டாததையெல்லாம் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். ஓடாத மிக்ஸி, கால் ஒடிந்த நாற்காலி, பிள்ளைகளுக்குப் பத்தாத சட்டைகள்.

இந்த முறையும் அவர்கள் போன மறுநாள், அக்கா எல்லாவற்றையும் நிறையாமல் மிச்சமிருந்த ஓர் அறைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

“பழைய இரும்புக்காரர்ட்ட போட்டுற வேண்டியதுதானேக்கா?”

“போட்டா, போன்ல கேப்பாங்க தம்பி. அங்க எடமில்லையாம், இங்கிட்டுக் கெடக்கட்டுமாம்.”

“இது நீங்க படுக்குற ரூமுல்ல?”

“இப்ப அடுப்படியிலதான் படுக்குறேன். எடமில்லைன்னு நான் எங்கிட்டுக் கொண்டுபோயி எறக்குறது?”

சொல்லிவிட்டுக் கதவை இடுப்பால் இடித்தார். அது சாத்திக்கொள்ளவில்லை.

எங்கள் தெருவில் அக்காவின் வீட்டைத்தான் பெரிய வீடு என்கிறோம்.