தேவராஜ் அண்ணன் ஊதிய நாலாவது டேக்

பாடகரே, நீங்கள் சொன்னது பொய். உங்கள் பாட்டில் வரும் சாக்ஸபோன் கம்ப்யூட்டரில் போட்டது என்று உத்திரமேரூர் மேடையில் சொன்னீர்கள்.

வாசித்தவர் பெருநகர் பேண்டு செட் தேவராஜ் அண்ணன். பதிவு செய்தவன் நான். அவர் ஜாஸ் பைத்தியம். ஒரு தடவை ஊதியதை மறுபடி அப்படியே ஊத மாட்டார். நாலாவது டேக்கிலும் மாற்றி ஊதியதும் கத்திவிட்டேன்.

“எழுதிக் கொடுத்தபடி ஊத முடியாதாண்ணே?”

“நீ மட்டும் ஒவ்வொரு தபாவும் வேற வேற மாதிரி திட்டிக்கினு கீறியே நைனா!”

சிரிப்பு வந்துவிட்டது. நாலையும் போட்டுக் கேட்டேன். கோபத்தில் நான் அழிக்க இருந்த நாலாவதுதான் பாட்டுக்கே உயிர். அதைத்தான் வைத்தோம்.

அன்று நான் அவசரப்பட்டது தப்பு. அவரிடமே ஒத்துக்கொண்டேன். நீங்கள் பேசியபோது அவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். அதே மேடையில் ஏறிச் சொல்லுங்கள்: வாசித்தது யார்?