பிரிக்காத டப்பா

காலையில் வகுப்பறையைத் திறந்ததும் டீச்சர் முதலில் போவது அலமாரியிடம்தான். பிள்ளைகள் வாசலில் நிற்கட்டும். கிரேயான் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கைக்குட்டையால் துடைப்பார். மேலே சுற்றிய கண்ணாடித்தாள் எங்காவது கீறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதன் பிறகுதான், "உள்ள வாங்க கண்ணுங்களா" என்று குரலில் தேன் ஒழுகும்.

இல்லாத வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார்செய்யும் இலவச வகுப்பு அது. டப்பாக்கள் நன்கொடையாக வந்தவை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே! "எல்லாம் புத்தம்புதுசா இருக்கணும். யாராவது பார்க்க வந்தா என்ன நினைப்பாங்க?" என்று வாய் ஓயாமல் சொல்வார். தாய்மார்கள் 'புத்தம்புதுசு டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது அவர் காதுக்கும் எட்டியது. பாராட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார், மகராசி.

பாடம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, நன்கொடையாளர்கள் வந்தால் படத்துக்கு நிற்கும் ஒத்திகைதான். டப்பாவை மார்போடு அணைத்து, தாடையைத் தூக்கி, பல் தெரியச் சிரித்து, படம் எடுத்து முடியும்வரை அசையாமல் நிற்கவேண்டும். "ஓரத்தைப் பிடிடா, விரல் பதியப்போகுது!" வட்டம் போடுவதெல்லாம் காற்றில், விரலால். "இதுங்க கையில கொடுத்தா குச்சியை உடைச்சிடுங்க. பள்ளிக்கூடத்துல போய்க் கிறுக்கிக்கட்டும்." ஏட்டுச் சுரைக்காய்க்காவது ஓர் ஏடு உண்டு. இங்கே அதுவும் கிடையாது.

அந்த ஒத்திகையில் முதல் மாணவி, அடுக்குமாடியில் படி துடைக்கும் பெண்ணின் மகள். அவளுக்கு இந்த வருடம் பள்ளியில் இடம் கிடைத்தே ஆகவேண்டும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அம்மா அவளைப் படியிலேயே உட்காரவைத்துவிட்டுத் துடைக்கிறாள். போன மாதம் பிள்ளை ஈரத்தில் வழுக்கி விழுந்து நெற்றியில் தையல் போட்டாயிற்று.

சேர்க்கை நாளன்று பள்ளி ஆசிரியை ஒரு டப்பாவையும் தாளையும் நீட்டினார். "உனக்குப் பிடிச்சதை வரைம்மா."

சிறுமி டப்பாவை மார்போடு அணைத்தாள். தாடையைத் தூக்கினாள். சிரித்தாள். அப்படியே நின்றாள். ஆசிரியை தாளைத் தட்டிக் காட்டிவிட்டு, தானே டப்பாவைத் திறக்கக் கை நீட்டியதும், "பிரிக்கக் கூடாது! டீச்சர் திட்டுவாங்க!" என்று அலறி ஊரைக் கூட்டிவிட்டாள். எவ்வளவு கெஞ்சியும் குச்சியைத் தொடவில்லை. "இன்னும் ஒரு வருஷம் போகட்டும்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

அம்மா மகளை இழுத்துக்கொண்டு நேராக வகுப்புக்கு வந்தாள். நேரம் பார்த்துத்தான் வந்தாள் போலும். உள்ளே பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள், வாசலில் நன்கொடையாளர்களின் கார் வந்து நின்றிருந்தது. வரிசையைக் கண்டதும் மகள் கையை உதறிக்கொண்டு ஓடி, ஒரு டப்பாவை எடுத்துத் தன் இடத்தில் நின்றுகொண்டாள்.

"டீச்சர், எம் பொண்ணுக்கு டப்பாவைத் திறக்கவே தெரியலையே. இடம் இல்லைன்னுட்டாங்க. இன்னும் ஒரு வருஷம் அந்தப் படியிலயேதான் உக்காரணுமா?"

"அச்சச்சோ" என்றார் புத்தம்புதுசு டீச்சர். கண் என்னவோ வரிசையின் மேல்தான் இருந்தது. "அப்புறம் பேசலாம்மா, நீ கொஞ்சம் தள்ளி நில்லு, படத்துல விழுவே."

பிறகு சிறுமியின் முன் குனிந்து, தையல் தழும்பு தெரியாதபடி அவள் முடியை நெற்றியின்மேல் இழுத்துவிட்டார்.