கரித்துண்டு வைக்காத தூக்குப்போசி

என் கணவருக்கு எந்திரம் என்றால் பைத்தியம். எங்காவது ஆயில் எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டால் போதும், கட்டிய பெண்டாட்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் பார்க்கப் போய்விடுவார். யுத்தம் முடிந்த மறு வருஷம் ஆடியில், ஜேடர்பாளையத்திலிருந்து மோகனூர் கோயிலுக்குப் பரிசலிலேயே போகலாம் என்று அவர் கிளப்பியதும் பக்தியால் அல்ல. வழியில் ஆற்றங்கரை அரிசி மில்காரர் ஒருவர், பழைய வண்டிகளையும் எந்திரங்களையும் ஒரு கொட்டகையில் சேர்த்துவைத்து எல்லாருக்கும் காட்டுகிறாராம்.

"மெட்ராஸ்ல இந்த மாதிரி மியூசியத்தைச் செத்த காலேஜுன்னு சொல்லுவாங்க" என்றார் பெருமையாக. அந்தப் பேரே எனக்குப் பிடிக்கவில்லை.

என் அண்ணியையும் அவர்தான் வற்புறுத்திக் கூட்டி வந்தார். செத்துப்போன என் அண்ணனின் மனைவி. பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரையே பார்த்தபடி வந்தாள். கட்டுச்சோற்று மூட்டை என் மடியில் இருந்தது. அவள் கை பட்டால் யாரும் சாப்பிட மாட்டார்கள்.

அண்ணன் பஸ் டிரைவர். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் பின்னால் ஓர் இரும்பு உலையை மாட்டி, அதில் கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். ஒரு மழைநாள் மத்தியானம், அடுத்த டிரிப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று தணலை அணைக்காமல் பஸ்ஸுக்குள்ளேயே படுத்தான். எழுப்பப் போனவர்கள் பிணத்தைத்தான் தூக்கி வந்தார்கள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

அன்றைக்கு அவனுக்குக் கோழிக்குழம்புச் சோறு. தூக்குப்போசியைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். கவுச்சியை வெளியே கொடுத்தனுப்பினால் மேலே ஒரு கரித்துண்டு வைக்க வேண்டும், அப்போதுதான் காத்து கருப்பு அண்டாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவசரத்தில் அண்ணி மறந்துவிட்டாள். உச்சி வேளையில் முனி அடித்துவிட்டது என்று ஊரே தீர்மானித்தது. அதோடு அவளை அடுப்படியை விட்டு விலக்கிவிட்டார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. "ஒரு கரித்துண்டு வெக்கறதுக்கு உங்களுக்குக் கை வரலீங்களா?" என்று இழவு வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்டேன். எனக்குப் பதினைந்து வயசு. நாக்குக்கு மட்டும் அறுபது.

கொட்டகையில் ஒரு பல்லக்கு இருந்தது, ஆள் உயரச் சக்கரத்தோடு ஒரு சைக்கிள் இருந்தது, தந்தி அடிக்கிற கருவி இருந்தது. கடைசியில், பாதி பஸ்ஸும் அதன் பின்னால் துருப்பிடித்த கரி உலையும். பஸ்ஸின் பக்கவாட்டில் படுதா சுருட்டிக் கட்டியிருந்தது. சுற்றிக் காட்டிய மில் மெக்கானிக், என் கணவர் கேட்ட கேள்விகளில் உற்சாகமாகிவிட்டார்.

"இந்த வாயு ரொம்பப் பொல்லாததுங்க. வாடை இருக்காது, கண்ணுக்கும் தெரியாது. தணல அணைக்காம, சுத்தியும் படுதாவ மூடிட்டு உள்ள படுத்தா அவ்வளவுதானுங்க. தூங்குனவன் தூங்குனபடியே போயிருவான். அப்படிப் போன டிரைவருங்க உண்டுங்க."

அண்ணி முன்னால் வந்தாள். "அப்ப முனி அடிக்கறதில்லீங்களா?"

"முனியாவுது ஒண்ணாவுது! எல்லாம் இந்தக் கரிதானுங்க."

அண்ணி அங்கேயே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அவளைத் தேற்றவில்லை. அன்று அண்ணன் சாப்பிட்டுவிட்டுப் படுத்ததும், சாரல் அடிக்கிறதே என்று இரண்டு பக்கமும் படுதாவை இறக்கி, காற்றுகூடப் புகாதபடி இழுத்துக் கட்டிவிட்டு வந்தவள் நான். கடைசி முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினேன். அந்தக் கயிற்றின் உப்பு அப்போது மறுபடி வாயில் கரித்தது.

திரும்பப் பரிசல் ஏறியதும் அண்ணி என் மடியிலிருந்து மூட்டையை எடுத்து, அவளே பிரித்துப் புளிச்சோறு கொடுத்தாள். என் கணவர் வாங்கிச் சாப்பிட்டார். ஆற்றின்மேல் தூறல் விழத் தொடங்கியது.

"ஏஞ்சாமி," என்றாள் அண்ணி, "நீ போசி கொண்டு போனப்ப படுதா இறக்கியிருந்துச்சா?"

"இல்லீங்க அண்ணி. தொறந்துதான் இருந்துச்சு."

"அப்பச் சாரலுக்கு அவிங்களே இறக்கி உட்டிருப்பாங்க."

"ஆமாங்க" என்றேன்.

மெக்கானிக் சொன்னதை என் கணவர் ஊரெல்லாம் சொல்ல, அவளுக்கு அடுப்படி திரும்பக் கிடைத்தது. பிறந்த வீட்டுக்கு எப்போது போனாலும் எனக்காகக் கோழி அடித்துக் குழம்பு வைப்பாள். கிளம்பும்போது அதே தூக்குப்போசியில் ஊற்றிக் கொடுப்பாள். கரித்துண்டு வைக்க மாட்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லைன்னுதான் தெரிஞ்சு போச்சே சாமி" என்று சிரிப்பாள்.

நானும் சிரித்துவிட்டு வருவேன். தெரு முனை திரும்பியதும், முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் கரித்துண்டை எடுத்துப் போசியின் மேல் வைப்பேன். முனிதான் அடித்தது என்று நம்ப இப்போது ஆள் நான் ஒருத்திதான்.