கூடையின் கீழடுக்கு

குடகு ஆரஞ்சைக் கிள்ளான் சந்தையிலிருந்து விரட்டியவன் நான்தான்.

சீனத்துப் பழம் விரட்டியது என்பார்கள். அமெரிக்கப் பழத்தோடு போட்டி போட நம் நாட்டுப் பழத்துக்கு வக்கில்லை என்பார்கள். நம்பாதீர்கள்! இந்தப் பத்து விரல்கள் விரட்டின.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேச்சில் மந்தம். நாலு பேர் எதிரே நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஏழாம் வகுப்பு வரை படித்த தமிழ் இருக்கிறது. அதைக் கொண்டு உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நீங்கள் திட்டினாலும் என் காதில் விழப்போவதில்லை அல்லவா!

அப்போது மலாயாவில், கிள்ளான் ஊரில் ராவுத்தர் ஒருவரின் பழக் கிட்டங்கியில் எனக்கு வேலை. கப்பலில் வரும் கூடைகளைத் திறந்து, அழுகலை எறிந்து, மீதியை மறுபடி அடுக்கிச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். சும்மா அடுக்குவதல்ல... முகம் வைப்பது. பெருத்த பழம், நிறமான பழம் மேலே. சிறுத்தது, அடிபட்டது கீழே. எல்லாக் கிட்டங்கியிலும் அப்படித்தான். யாரும் அதை ஏமாற்று என்று நினைத்ததில்லை. "மொகம் வக்காத கூடை, தல வாராம கல்யாணத்துக்குப் போற மாதிரி" என்பார் ராவுத்தர்.

சந்தையில் ஒரு சீனத் தவுக்கே இருந்தார். பெரிய முதலாளி. கோலாலம்பூர்க் கடைகளுக்கெல்லாம் அவர் எடுப்பதுதான் பழம். நம் கூடைகளைக் கண்டால், "ஆத்தாஸ் பாகுஸ், பாவா பூசோக்!" என்று மலாயில் ராகம் போடுவார். மேலே நல்லது, கீழே அழுகல். சந்தையே சிரிக்கும்.

அமெரிக்கப் பெட்டியை மட்டும் திறந்துகூடப் பார்க்காமல் எடுப்பார். ஒவ்வொரு பழத்துக்கும் மெல்லிய காகிதச் சட்டை. பெட்டியின் மேல் எத்தனை பழம் என்று எண் அடித்திருக்கும். பிரித்தால் அத்தனையே இருக்கும், எல்லாம் ஒரே அளவில்.

அந்தப் பழத்தைத் தின்றிருக்கிறேன். உரிப்பதற்குள் நகம் வலிக்கும். குடகுப் பழமோ தொட்டாலே தோல் கழன்று வரும். உரித்த கையில் மறுநாள் வரை மணம் நிற்கும்! ருசியில் எங்கள் பழம்தான் ஜெயித்தது. ஆனால் சந்தையில் வாய்க்கு முன்னால் கண் வந்து நிற்கிறது. நான் என்ன செய்ய?

ராவுத்தரின் மைத்துனர் யூசுப் இதை மாற்றக் கிளம்பினார். முப்பது வயது இருக்கும். குடகு மலைக்கே போய், பொன்னப்பா என்ற தோட்டக்காரரைப் பிடித்தார். பழத்தைப் பிடுங்காமல் காம்போடு கத்தரிக்கச் சொன்னார். ஒரு கூடைக்கு ஒரே அளவுப் பழம் என்று நிரப்பச் சொன்னார். பிறகு அந்தக் கூடைகளோடு தானும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இங்கே வந்து இறங்கினார்.

சீனப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆரஞ்சுக்குச் சந்தை பறக்கும் காலம். இந்தச் சரக்கு சரியாக இருந்தால் பருவம் முடியும்வரை ஒவ்வொரு கப்பல் சரக்கையும் தானே எடுப்பதாகத் தவுக்கே வாக்குக் கொடுத்திருந்தார்.

"அண்ணே, இதுக்கு மொகம் வக்காதீங்க," என்றார் யூசுப் என்னிடம். "அடிபட்டது இருந்தா தனிக் கூடையில போடுங்க. அடிபட்டதுன்னே சொல்லி விப்போம். நாளைக்குத் தவுக்கே எங்க கை விட்டாலும் ஒரே பழமா வரணும். கூடை கொறஞ்சா கொறையட்டும்."

"சரிங்க" என்றேன்.

அவர் சாப்பிடப் போனார். நான் கூடைகளைத் திறந்தேன். கப்பல் சூட்டில் ஒவ்வொன்றிலும் ஏழெட்டுப் பழம் நசுங்கியிருந்தது. சொன்னபடியே தனியே எடுத்து வைத்தேன். கூடைகள் வாய் வரை நிரம்பாமல் குறையாக நின்றன. எதிர்க் கிட்டங்கி வாசலில் அமெரிக்கப் பெட்டிகள்... நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுக்கடுக்காக! நம் பழம் குறைக் கூடையோடு போய் அவற்றின் பக்கத்தில் நிற்பதா? எனக்குப் பொறுக்கவில்லை.

ஒதுக்கிய பழங்களை மறுபடி எடுத்தேன். கூடைகளின் அடியில் பரப்பினேன். நிறமானவற்றைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் வேட்டித் தலைப்பில் துடைத்து, காம்பும் இலையும் தெரியும்படி மேலே வைத்தேன். அதுவரை நான் வைத்த முகங்களிலேயே அழகான முகம் அதுதான்! திரும்பி வந்த யூசுப், அடிபட்டது ஒன்றுமே இல்லை போல என்று பூரித்துப்போனார்.

கூலிக்காகவா செய்தேன்? இல்லை. யாராவது சொல்லிச் செய்தேனா? செய்யாதே என்று சொல்லியும் செய்தேன். நம் பழம் ஜெயிக்க வேண்டும் என்று செய்தேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்!

மறுநாள் காலை தவுக்கே வந்தார். மேலிருந்த பழம் ஒன்றை எடுத்து முகர்ந்தார். "ஆத்தாஸ் பாகுஸ்..." என்று இழுத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். கூட்டம் சிரிக்கத் தயாரானது. யூசுப்பும் சிரித்தார். இன்றைக்கு அந்தப் பாட்டு செல்லாது, நீங்கள் கை விட்டுத் தேட வேண்டாம், நானே காட்டுகிறேன் என்று அரைகுறை மலாயில் சொல்லிக்கொண்டே கூடையின் விளிம்பைப் பிடித்தார்.

இந்த இடத்தில் ஒரு மூச்சு நேரம் இருந்தது. 'வேணாம் தம்பி' என்று இரண்டே சொல். மூன்றடி தூரத்தில்தான் நின்றேன். ஆனால் அத்தனை முகங்கள்... நாக்கு ஒட்டிக்கொண்டது.

யூசுப் கவிழ்த்துவிட்டார்.

நசுங்கிய பழங்கள் மேலே வந்து விழுந்தன. சாறு கீழே விரித்திருந்த சாக்கில் ஊறியது. யூசுப் அடுத்த கூடையைக் கவிழ்த்தார். அதற்கடுத்ததை. யாரும் தடுக்கவில்லை, அவராகவே கவிழ்த்துக்கொண்டு போனார். தவுக்கே சிரிக்கக்கூட இல்லை. சீனத்துப் பழம் இருந்த பக்கம் நடந்துவிட்டார்.

"பொன்னப்பா ஏமாத்திட்டான்..." யூசுப் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மேலாக்கப் பாத்துட்டு அப்படியே விட்டுட்டீங்களாண்ணே? அடியில இப்படி வச்சு அனுப்பியிருக்கான், தெரியாமப் போச்சா?"

நான் தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான். ஒரு சொல் பேசவில்லை. பேசாதவன் பொய் சொல்ல மாட்டான் என்று உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு நம்பிக்கை! முழுப் பொய்யையும் அவரே சொன்னார். நான் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பொன்னப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. யாரையோ கொண்டு தமிழில் எழுதியிருந்தார். ஒவ்வொரு பழத்தையும் என் கையால் வைத்தேன், என் மகள் தலைமேல் ஆணை என்று. ராவுத்தர் அதைக் கிட்டங்கியில் உரக்கப் படித்தார்.

"பெத்த பொண்ணு தலையில அடிச்சு சத்தியம் பண்றான் பாரு, திருட்டுப்பய!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தக் கடிதத்துக்குப் பதில் போகவில்லை. யூசுப் ஊருக்குத் திரும்பி ஜவுளி வியாபாரத்தில் இறங்கிவிட்டார். குடகுக் கூடை ஒன்றைக்கூட அதன்பின் அந்தச் சந்தையில் நான் பார்க்கவில்லை.

ஒரு சந்தை, ஒரு தவுக்கே, இதனாலா ஒரு நாட்டின் பழ வியாபாரம் கெட்டது என்று நீங்கள் சொல்லலாம். அந்த ஆறுதலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்! குறைக் கூடையாகவே போயிருந்தால் அன்று நம் பழம் ஜெயித்திருக்கும். யார் மறுத்தாலும் இதை நான் விடமாட்டேன். ஜெயித்திருக்கும்! இதை விட்டுவிட்டால் எனக்குச் சுமை குறையும், அதற்காகவே விடமாட்டேன்.

முகம் வைத்ததற்கு நான் வெட்கப்படவில்லை. காகிதச் சட்டை மட்டும் என்னவாம்? அதுவும் ஒரு முகம்தானே! கடையில் மேலிருக்கும் பழத்துக்குத்தானே நீங்களும் முதலில் கை நீட்டுகிறீர்கள்? ஆனால் அந்தத் தலையாட்டல்... அந்தச் சிரிப்பு... அவற்றுக்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை. தேடவும் இல்லை.

இப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சொந்தமாகச் சின்னப் பழக்கடை வைத்திருக்கிறேன். என் கூடைகளுக்கு முகம் கிடையாது. அடிபட்டது தனித் தட்டில் இருக்கும். திருந்திவிட்டான் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். விரல்களுக்கு அந்த வேலை பிறகு ஓடவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் வந்தார். அமெரிக்கப் பழம் ஒன்றை எடுத்துக் காகிதத்தைத் தடவிப் பார்த்தார்.

"நம்ம நாட்டுப் பழமெல்லாம் இங்க எடுபடாதுலா அண்ணே. ஏன் தெரியுமா? நம்மாளுக்கு நாணயம் கெடையாது. மேல ஒண்ணு வப்பான், கீழ ஒண்ணு வப்பான். சரிதானே?"

எதிரே என் கூடை இருந்தது. கை அதன் விளிம்பு வரை போனது. கவிழ்த்துக் காட்டியிருக்கலாம். குடகு மலையில் பொன்னப்பா என்று ஒரு மனிதர் இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம்...

தலையை ஆட்டினேன்.

"பேப்பர் சுத்துனதுலயே நாலு குடுங்க" என்றார்.

பொறுக்கிக் கொடுத்தேன்.