போலீஸ் அக்காவின் கொக்கி

போலீஸ் அக்கா கோத்துக் கொடுத்த மீன் மட்டும் ஏன் தண்ணீரில் இறங்கியதுமே செத்தது? அப்போது படகுத்துறையில் யாருக்கும் பதில் தெரியவில்லை, எனக்கும்தான். அக்காவிடம் மட்டும் ஒரு பதில் இருந்தது: எல்லாம் மாப்பிள்ளை வேலை.

அக்கா போலீஸ் இல்லை. துறையின் ஓரத்தில் தொட்டி வைத்து, கடலில் பெரிய மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு உயிருள்ள சின்ன மீன் விற்பவர். டீயில் சர்க்கரை போட்டதாகச் சொன்னால் டம்ளரின் அடியைப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். அதனால் வந்த பெயர். மீனைத் தூண்டில் கொக்கியில் கோத்துக் கொடுப்பதும் அவரே. முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால், தோலை மட்டும் பிடித்து, கொக்கி மறுபக்கம் வர வேண்டும். அப்போதுதான் மீன் தன்பாட்டுக்கு நீந்தும், அதைத் துரத்திப் பெரியது வரும்.

தொட்டியிலிருந்து மீனை அள்ளித் தருவது அந்த மாப்பிள்ளை, அக்காவுடைய தங்கையின் கணவர். அவர் நல்ல மீனை எதிர்க்கடைக்குத் தள்ளிவிட்டு, நோஞ்சானைத் தன் கையில் தருகிறார் என்று அக்காவுக்குப் பட்டது. தொட்டித் தண்ணீருக்குக் காற்று ஊதும் மோட்டாருக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தார். மாப்பிள்ளையின் வாளியைத் துழாவினார். ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததே சந்தேகத்தைக் கூட்டியது. கைதேர்ந்த கள்ளன் என்று தங்கையிடமே சொல்ல, தங்கை பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு நண்பகல், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் செத்த மீனைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"மாப்பிள்ளை, நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்" என்றார் அக்கா.

"போறேன். அதுக்கு முன்னாடி நீங்களே ஒண்ணு அள்ளிக் குடுங்க, நான் கோக்கிறேன்."

அக்கா வேண்டுமென்றே இருப்பதிலேயே சோர்ந்த மீனாகப் பார்த்து அள்ளினார். மாப்பிள்ளை கோத்து இறக்கியதும் அது தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடியது. அடுத்து, துள்ளுகிற மீனாகத் தேர்ந்தெடுத்து அக்காவே கோத்தார். அது பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. டிரைவர் அதைத் தூக்கிப் பார்த்தார். கொக்கி ஒரு நூல் அளவு கீழே இறங்கி நடு எலும்பைத் தொட்டிருந்தது.

"கண்ணைக் காட்டி ஒரு கண்ணாடி வாங்குங்கக்கா" என்றார்.

"எனக்கு எதுக்கு? வெளிச்சம் பத்தல, அவ்வளவுதான்."

உச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை திரும்பி நின்று இருமினார்.

சாயங்காலம் அக்கா தங்கை வீட்டு வாசலில் நின்றார். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை.

"மாப்பிள்ளைய நாளைக்கு சீக்கிரம் வரச் சொல்லு. கோக்கிற வேலை இனி அவருது."

தங்கை கதவை முழுசாகத் திறந்து, "உள்ள வா" என்றாள்.

இப்போது அக்கா அள்ளுகிறார், மாப்பிள்ளை கோக்கிறார். கோத்த மீனை அக்கா வாங்கி, கையை முழுசாக நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்துச் சோதித்த பிறகே தருவார். கண்ணாடிக் கடைக்காரர் சோதனை அட்டையில் எழுத்தை மங்கலாக அச்சடித்து ஆள் பிடிக்கிறார் என்பது அவருடைய புதுச் சந்தேகம்.

நாளிதழைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அச்சைத் திட்டுகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். கையில் கொடுக்காதீர்கள், படித்துக் காட்டுங்கள்.