நான்காவது விதியும் ஒரு மங்கலான படமும்

எங்கள் புகைப்படக் குழுவின் நான்காவது விதி இரண்டே வரி. படத்தோடு வரும் கேள்விக்கு, படத்தைத் திறந்து பார்த்த பிறகே பதில் தரவேண்டும். கேள்வி கேட்டவர், கோளாறு தீர்ந்ததா இல்லையா என்பதைக் குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும்.

எழுதியவன் நான். ஷா ஆலமில் அரசாங்க அலுவலகத்தில் சுற்றறிக்கை எழுதியே ஓய்வு பெற்றவன் என்பதால், வாட்ஸ்அப் குழுவுக்கு விதி எழுதும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்பது அடக்கத்துக்காகச் சொல்வது. கேட்டு வாங்கினேன். குழுவின் முகப்பில் இருக்கும் மீன்கொத்திப் படமும் நான் எடுத்ததுதான்.

புதிதாகச் சேர்கிறவர்கள் கேட்பது எல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகள். எந்தக் கேமரா வாங்கலாம்? நிலா ஏன் வெள்ளைப் பொட்டாக வருகிறது? என் படம் ஏன் மங்கலாக இருக்கிறது? ஆகவே பழையவர்கள் படத்தைப் பார்ப்பதில்லை. கேள்வியின் முதல் சொல்லைப் பார்த்ததும் பதில் அனுப்பிவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் நான்காவது விதி. ஏற்கெனவே கேட்ட கேள்வியைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் தேநீர்க் கடையில் எல்லோருக்கும் தே தாரே வாங்கித்தர வேண்டும் என்பது ஐந்தாவது விதி. ஐந்தாவதை மட்டும் எல்லோரும் ஒழுங்காகப் பின்பற்றினார்கள்.

இப்படியிருக்க, கிள்ளானிலிருந்து ஒருவர் சேர்ந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசைக்காரர். வரும் கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாடகர் குழுவைத் தானே படமெடுப்பதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்து, அதற்கென்றே கேமரா வாங்கியிருந்தார்.

முதல் வாரமே தேவாலயப் படிக்கட்டில் மனைவி நிற்கும் படம் ஒன்றை அனுப்பி, "அண்ணே, ஏன் மங்கலா இருக்கு?" என்று கேட்டார்.

"ஷட்டர் ஸ்பீடைக் கூட்டுங்க, அங்கிள்" என்றார் எங்கள் வக்கீல் தம்பி. புதுக் கேமரா எது வந்தாலும் வாங்கிவிடுபவர்.

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எடுங்கண்ணே. விட்டுடாதீங்க, படம் முக்கியம்" என்றார் செலாயாங் டீச்சர். பூச்சிகளை மட்டுமே படமெடுப்பவர்.

நான், லென்ஸைத் துடைக்கவும் என்று சுருக்கமாக ஆணையிட்டேன்.

அடுத்த வாரமும் அதே கேள்வி. அதற்கடுத்த வாரமும். மனிதர் சளைக்காமல் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி வந்து தே தாரே வாங்கிக் கொடுத்தார். கார் என்ன ஆயிற்று என்றால், பிரிக்ஃபீல்ட்ஸில் பார்க்கிங் கிடைக்காது என்பார். அது உண்மை என்பதால் யாரும் மேலே கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமராவை மேசைமேல் வைத்தார். "வக்கீலே, நீங்களே எடுத்துக்குங்க. நமக்கு இது சரிப்படல. வீட்டுக்காரிகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

"எடுத்த படத்தையெல்லாம் அவங்க பாத்தாங்களா?" என்றார் டீச்சர்.

"மங்கலா இருக்கறத காட்டினா ரெண்டு நாளைக்கு வீட்டுல சோறு கிடையாது, டீச்சர்."

வக்கீல் தம்பி, வாங்கும் பொருளைச் சோதிப்பதுபோல், கேமராவில் இருந்த படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். பிறகு நிறுத்தினார். "அங்கிள், எது மங்கல்? ஆன்டி கன்னத்துல இருக்கற மச்சம்கூட தெரியுது லா."

"எங்க மச்சம்?" என்றார் கிள்ளான்காரர்.

டீச்சர் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் முதல் வாரம் அனுப்பிய அந்தப் படிக்கட்டுப் படத்தை நாங்கள் மூவரும் அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறோம். மச்சம் இருந்தது. சேலைக் கரையின் ஜரிகைகூடத் தெளிவாக இருந்தது.

என் கேமராவை அவரிடம் கொடுத்து, எதிர்க்கடைப் பலகையைப் பார்க்கச் சொன்னேன். கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "அடடா, உங்க கேமராவும் போச்சாண்ணே?" என்றார் உண்மையான வருத்தத்தோடு.

டீச்சர்தான் மெதுவாகக் கேட்டார். "அண்ணே, ரயில்ல வர்றது பார்க்கிங் இல்லாததாலதானா?"

"பார்க்கிங்தான் டீச்சர்." தே தாரேயை ஒரு வாய் குடித்தார். "கார் நிறுத்தற கோடு தெரிய மாட்டேங்குது."

டாக்டர் பிறகு சொன்னது, கண்புரை. வலது கண்ணில் அதிகம், இடதில் கொஞ்சம் குறைவு. மறுநாளே நான் கிள்ளானுக்குப் போய் அவரை அரசாங்கக் கிளினிக்கில் உட்காரவைத்தேன். எந்தக் கவுண்டரில் ஓய்வூதிய அட்டையைக் காட்டவேண்டும், பரிந்துரைக் கடிதத்துக்கு எத்தனை நகல் வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. புகைப்படத்தைப் பற்றி அவருக்கு நான் சொன்ன எதுவும் உதவவில்லை. வரிசையைப் பற்றிச் சொன்னது உதவியது.

மருத்துவமனையில் அறுவை சிகிச்சைத் தேதிக்குக் காத்திருந்த மாதங்களில் அவருக்கு ஒரே கவலைதான். "கிறிஸ்துமசுக்குள்ள ஆயிடுமாண்ணே?"

"ஒரு கண்ணு ஆனா போதும் அங்கிள். கேமராவுல ரெண்டு ஓட்டையா இருக்கு?" என்றார் வக்கீல். கேமராவை அவர் கடைசியில் வாங்கவில்லை. முதல்முறையாக ஒரு கேமராவை வேண்டாம் என்று சொன்ன பெருமை அவருக்கு இன்னும் தீரவில்லை.

தீபாவளி முடிந்து வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் குழுவில் அவரிடமிருந்து ஒரு சொல் இல்லை. நான்காவது விதியின் இரண்டாம் வரியைச் சுட்டிக்காட்டி இரண்டு நினைவூட்டல் அனுப்பினேன். கோளாறு தீர்ந்ததா? பதில் இல்லை.

"கண்ணு தெரிஞ்சதும் நம்ம மூஞ்சியையெல்லாம் பாத்துப் பயந்துட்டாரு போல" என்றார் டீச்சர்.

பதில் ஒரு காலை வேளையில் வந்தது. பாடகர் குழு முழுவதும், ஒவ்வொரு முகமும் தெளிவாக. முன்வரிசையில் அவர் மனைவி, பாடிக்கொண்டே கேமராவை முறைத்தபடி. கீழே எழுதியிருந்தார்: "கோளாறு தீர்ந்தது. நல்ல படம் எடுத்துட்டுத்தான் பதில் சொல்லணும்னு இருந்தேன். அண்ணே, ஒரு சந்தேகம். நம்ம குரூப் மீன்கொத்தி ஏன் மங்கலா இருக்கு?"

"ஐயோ அங்கிள்," என்றார் வக்கீல் தம்பி உடனே, "இத்தன வருஷமா எங்க யாருக்கும் கேக்க தைரியம் வரல லா."

ஏற்கெனவே கேட்ட கேள்வி, தே தாரே அவர் செலவு என்று தட்டச்சு செய்துவிட்டு, அனுப்பாமல் நிறுத்தினேன். விதி விதிதான். மீன்கொத்தியைத் திறந்து, பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு, தே தாரே என் செலவு என்று மாற்றி அனுப்பினேன். நான்காவது விதி இரண்டு வரியும் முழுமையாக நிறைவேறிய தேதி, டிசம்பர் இருபத்தைந்து.