செம்புக் குண்டும் மெர்வின் டிராக்ஸ்லரின் மருந்தளவும்

பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் பாதி வேலிகள் மெர்வின் டிராக்ஸ்லர் நட்டவை. மீதி வேலிகள் கோணல் என்பது அவர் கட்சி. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர், வீடு, பட்டறை, கிணறு எல்லாவற்றையும் தன் கையாலேயே உண்டாக்கினார். வேட்டைத் தோட்டாவும் அப்படித்தான். காலிப் பித்தளைக் கூட்டில் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டைச் செருகி, அவரே செய்துகொள்வார். கடைத் தோட்டா ஒரு பெட்டிகூட அந்த வீட்டுப் படி ஏறியதில்லை.

இந்த வருஷம் அதற்கு ஆபத்து வந்தது. மனைவி லவோனுக்குக் குலுக்கலில் ஆண் எல்க் மான் வேட்டைக்கான சீட்டு விழுந்தது. கறியில் ஈயத் துணுக்கு கலக்கக் கூடாது, முழுச் செம்புக் குண்டுதான் வேண்டும் என்றாள்.

"உன்னால ஆகாதுன்னா சொல்லிடு மெர்வ். கடையில ஒரு பெட்டி வாங்கிக்கிறேன்."

"கடையிலயா? அதுக்கு நான் தாடியை மழிச்சுக்கிட்டு ஊரை விட்டே போயிடலாம்! ஈயக் குண்டும் இதுவும் ஒரே எடை. எடை ஒண்ணுன்னா மருந்தும் ஒண்ணுதான்."

பெட்டி நிறையச் செய்து முடித்தார்.

யாருக்குச் செய்தாலும் முதல் வெடி அவருடையது. சரளைக் குழியில், பக்கத்துப் பண்ணைக்காரன் டூயி வேடிக்கை பார்க்க, லவோனின் துப்பாக்கியால் சுட்டார். கழுதை உதைத்தது போலத் தோள் அதிர்ந்தது. கூட்டை வெளியே தள்ள, துப்பாக்கியின் பின்தாழான போல்ட்டை இழுத்தால் அசையவில்லை. உள்ளங்கையால் குத்தித்தான் திறக்க வேண்டியிருந்தது. வெளியே விழுந்த கூட்டின் அடியில், மருந்துக்குப் பொறி வைக்கும் பொட்டு அப்பளமாக நசுங்கிக் கிடந்தது.

"என்ன பெரியவரே, தோட்டா செஞ்சீரா, டைனமைட் செஞ்சீரா?" என்றான் டூயி.

"வாயை மூடுய்யா. யோசிக்கிறேன்."

"யோசி, யோசி. கடை இன்னும் திறந்துதான் இருக்கும்" என்றாள் லவோன், வண்டிச் சாவியை ஆட்டிக்கொண்டே.

பட்டறைக்குத் திரும்பியதும் ஈயக் குண்டையும் செம்புக் குண்டையும் மேசைமேல் அருகருகே நிறுத்தினார். செம்பு ஒரு நகக்கண் அளவு கூடுதல் உயரம். ஈயத்தைவிட லேசான உலோகம். அதே எடை வர வேண்டுமானால் நீளமாகத்தானே இருக்கும்? தோட்டாவின் மொத்த நீளம் மாறக் கூடாது என்பதால், கூடுதல் நீளம் கூட்டுக்குள் இறங்கி மருந்தின் இடத்தை நெருக்கிவிட்டது. போதாததற்குச் செம்பு ஈயம்போல நெகிழாமல் குழலோடு முரண்டு பிடிக்கும். அழுத்தம் எகிறாமல் என்ன செய்யும்?

"ஏன்டா மெர்வின், வேலிக்கம்பை எடை பார்த்தா நடுறே? நீளம் பார்க்க மாட்டே?" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

செய்த தோட்டாவையெல்லாம் குண்டு பிடுங்கும் சுத்தியலில் மாட்டித் தட்டித் தட்டிப் பிரித்தார்.

"நல்லாத் தட்டு. தலையிலயும் ரெண்டு போட்டுக்கோ" என்று சமையலறையிலிருந்து சத்தம் வந்தது.

மருந்துக் கம்பெனியின் புத்தகத்தைத் திறந்து, அந்தச் செம்புக் குண்டுக்கான தொடக்க அளவைப் பார்த்தார்; ஈயக் குண்டுக்குப் போட்டதைவிடக் குறைவு. புத்தகம் தன்னோடு ஒத்துப்போவதில் அவருக்குத் திருப்தி. அந்தக் குறைந்த அளவில் ஆரம்பித்து, புத்தகம் போட்ட எல்லையைத் தாண்டாமல், துளித் துளியாக ஏற்றிச் சுட்டு, சுட்ட ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் அதே குழியில், டூயியும் பார்த்திருக்க, லவோன் சுட்டாள். போல்ட் வெண்ணெயாக வழுக்கியது. இலக்குத் தாளில் விழுந்த ஓட்டைகளை ஒரு காப்பிக் கோப்பையால் மூடிவிடலாம்.

மெர்வின் டூயியின் தோளில் கைபோட்டார். "செம்புன்னா மருந்தைக் குறைச்சு ஆரம்பிக்கணும். இதுகூடத் தெரியாத ஆளுங்க இருக்காங்கப்பா, பாவம்."

"ஆமா, அதுல ஒருத்தரோட நான் குடித்தனம் பண்றேன்" என்றாள் லவோன். சொல்லிவிட்டு, மிச்சத் தோட்டாக்களை அள்ளித் தன் வேட்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.